ரிஸ்க்கும் கஹ்வாவும்: சேர்வராயன் மலையை முன்வைத்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

சேலம் நகரின் ஜாமிஆ மஸ்ஜித் திருமணிமுத்தாற்றின் கரையில் அமைந்துள்ளது. நகரின் மிகத் தொன்மையான பள்ளிவாசல் என்றும், திப்பு சுல்தான் இங்குத் தொழுதார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அந்த ஆறு பிறப்பது நகருக்கு வடக்கே நிற்கும் சேர்வராயன் மலையில். ஊருக்குள் நுழைந்தபின் அதன் நீர் என்ன ஆகிறது என்பதைச் சேலத்தார் நன்கறிவர். அந்நீரில் உளூச் செய்ய இன்று எவரும் எண்ணமாட்டார். ஆனால் மலையில் அது தெளிந்த நீராகவே பிறக்கிறது.

அம்மலையின் மேல், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு இருக்கிறது. கோடை வாசத்தலம் என்றே பலரும் அறிந்துள்ள இவ்வூரைச் சூழ்ந்திருப்பவை காப்பித் தோட்டங்கள். சில்வர் ஓக் மரங்கள் நிழல் தர, அம்மரங்களின் மேல் மிளகுக் கொடி படர, கீழே காப்பிச் செடிகள் நிற்கும். காப்பி விவசாயத்தின் ஓராண்டுக் கணக்கு ஒரு மழையில் தொங்குகிறது. பனிக்காலம் கழிந்த வறட்சியில் மொட்டுகள் வளர்ச்சி நின்று உறங்கிக் கிடக்கும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஒரு நல்ல மழை விழுந்தால் எட்டு, பத்து நாளில் மலை முழுவதும் வெண்மையாய்ப் பூத்து மல்லிகையை ஒத்த மணம் வீசும். இரண்டு மூன்று நாளில் பூ வாடிவிடும். அம்மழை தவறினாலோ, மொட்டு விரியப் போதாத அளவில் தூறி ஓய்ந்தாலோ அவ்வாண்டு விளைச்சல் குன்றும். கவாத்தும் உரமும் களையெடுப்பும் மனிதன் கையில் உள்ளவை. நீர் தெளிப்புக் கருவிகள் வைத்திருக்கும் பெருந்தோட்டக்காரர் சிலரை விட்டுவிட்டால், அந்த ஒரு மழை எவர் கையிலும் இல்லை.

திருக்குர்ஆனின் 51ஆம் அத்தியாயமான அத்தாரியாத்தின் 22ஆம் வசனம், மனிதரின் ரிஸ்க் வானத்தில் இருப்பதாக அறிவிக்கிறது. அங்கு ரிஸ்க் என்பது மழையைக் குறிக்கிறது என முற்கால விரிவுரையாளர் பலர் பொருள் கொண்டனர். அதே அத்தியாயத்தின் 58ஆம் வசனம் அல்லாஹ்வை ரஸ்ஸாக், அதாவது இடையறாது உணவளிப்பவன் என்றும், வலிமை மிக்கவன் என்றும் சேர்த்துச் சொல்கிறது. உணவளித்தலும் வலிமையும் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து வருவதை வாசகர் மனத்திற்கொள்ள வேண்டுகிறோம். காப்பியின் வரலாற்றில் இவ்விணைப்பு எதிர்பாராத ஓரிடத்தில் மீண்டும் வரவிருக்கிறது.

நம் மிம்பர்களில் 'கனாஅத்' எனும் போதுமென்ற மனம் பற்றிய உரைகளுக்குக் குறைவில்லை. எனினும் அவ்வுரைகள் பெரும்பாலும் யாரை நோக்கிச் செய்யப்படுகின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இம்மலையில் விளையும் பயிர் இஸ்லாமியச் சமூகத்தின் ஞானிகள் வழியே உலகுக்கு வந்தது. அது வந்த வழியைப் பின்தொடர்ந்தால் அக்கேள்விக்கு ஓரளவு விடை கிடைக்கும் என்பது நம் கருத்து.

காப்பிச் செடியின் தாயகம் எத்தியோப்பிய மலைக்காடு. அதைப் பானமாக்கி நிலைநிறுத்தியவர்கள் 15ஆம் நூற்றாண்டு யமன் நாட்டு ஸூஃபிகள். இவ்வகையில் இருவர் பெயர் முதன்மையாகச் சொல்லப்படும். ஒருவர் ஹிஜ்ரி 875இல் (கி.பி. 1470) மறைந்த, ஏடன் நகரத்து அறிஞர் ஜமாலுத்தீன் முஹம்மது இப்னு ஸயீது தப்ஹானீ (ரஹ்). மற்றவர் அல்முகா எனும் மொக்கா துறைமுகத்தின் ஞானக் காவலராகப் போற்றப்படும் ஷைகு அலீ இப்னு உமர் ஷாதுலீ (ரஹ்). நாடு கடத்தப்பட்டு மலையில் பசியோடிருந்த ஷாதுலிய்யா ஞானி ஒருவர் காப்பிப் பழங்களை உண்டே உயிர் தாங்கினார் எனும் மரபுக்கதையைத் துருக்கிய அறிஞர் காத்திப் செலபி 17ஆம் நூற்றாண்டில் பதிவு செய்துள்ளார். அக்கதையை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இயலாது. அது குறிக்கும் காலமே பிற செய்திகளோடு பொருந்தவில்லை. ஆயினும் முஸ்லிம்கள் காப்பியை முதலில் எவ்வாறு நினைவிற் பதித்தார்கள் என்பதற்கு அது சான்று. கைவிடப்பட்டவனுக்கு, அவன் எண்ணியிராத இடத்திலிருந்து வந்த ரிஸ்க் என்றே அவர்கள் நினைத்தார்கள். அல்ஜீரியாவில் காப்பிக்கு 'ஷாதுலிய்யா' என்றே பெயர் வழங்கியது. காயல்பட்டினத்திலும் கொழும்பிலும் ஸாவியாக்களில் ஷாதுலிய்யா திக்ரு மஜ்லிஸ்களை அறிந்த நம் வாசகர்களுக்கு இப்பெயர் அன்னியமன்று.

'கஹ்வா' எனும் சொல்லும் நின்று நோக்கத்தக்கது. பழைய அரபியில் அது மதுவுக்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று. உணவின்மேல் உள்ள நாட்டத்தைக் குறைப்பது என்பதே அதன் வேர்ப்பொருள் என அகராதியாசிரியர்கள் கூறுவர். காப்பியும் பசியைத் தணித்து இரவு விழிப்புக்குத் துணை செய்ததால் அப்பெயர் அதற்கு வந்து சேர்ந்தது. ஆசையைக் குறைக்கும் பானம் என்பதே காப்பிக்கு நம் முன்னோர் கண்ட அடையாளம். ஒவ்வொரு நாளும் கூடுதலாகக் குடிக்கச் சொல்லும் விளம்பரங்களின் காலத்தில் இது விந்தையாகத் தோன்றலாம்!

16ஆம் நூற்றாண்டில் அப்துல் காதிர் ஜஸீரீ காப்பி ஆகுமானதே என நிறுவ எழுதிய நூல், கெய்ரோவில் யமன் நாட்டு ஸூஃபிகள் கூடிய முறையை விவரிக்கிறது. திங்கள், வெள்ளி இரவுகளில் அவர்கள் அமர்வர். சிவந்த மண் பாத்திரம் ஒன்றிலிருந்து தலைவர் சிறு குவளையால் மொண்டு, வலப்புறமிருந்து ஒவ்வொருவருக்காய் வழங்குவார், திக்ரு தொடரும். ஒரே பாத்திரம், ஒரே குவளை, எவருக்கும் முறை தப்புவதில்லை. யமனிலும் ஹள்ரமவ்த்திலும் 'காப்பி ராத்திபு' என ஓர் ஓதலே உருவாயிற்று. அப்ஜத் கணக்கின்படி கஹ்வா எனும் சொல்லின் எழுத்துகள் 100, 5, 6, 5 எனக் கூடி 116 ஆகும். வலிமை மிக்கவன் எனும் பொருளுடைய 'கவிய்யு' என்ற திருநாமமும் 100, 6, 10 எனக் கூடி 116 ஆகும். ஆகவே அத்திருநாமத்தை 116 முறை ஓதினர். எழுத்தெண்ணிப் பொருள் காணும் இம்முறையில் இன்றைய வாசகர் பலருக்கு ஈடுபாடு இராது. நமக்கும் பெரிதாக இல்லை. ஆனால் முன்னர்க் குறித்த அத்தாரியாத் வசனத்தின் இணைப்பை இங்கு ஒரு குவளைக்குள் காண்கிறோம். உணவளிப்பவனே வலிமையும் தருபவன் எனும் உணர்வோடு அவர்கள் அதைப் பருகினர்.

இவ்வழக்கத்துக்கு எதிர்ப்பும் இருந்தது. 1511இல் மக்காவில் மம்லூக் அதிகாரி கைர் பே காப்பிக்குத் தடை விதித்தார். கெய்ரோவின் மேலாணை அத்தடையைத் தளர்த்தியது. அவ்விவகாரம் தனிக் கட்டுரைக்கு உரியது.

ஷாதுலிய்யா நெறியின் மூன்றாம் தலைமுறை ஆசான் இப்னு அதாஇல்லாஹ் இஸ்கந்தரீ (ரஹ்) ஹிஜ்ரி 709இல் (கி.பி. 1309) மறைந்தவர். 'அத்தன்வீர் ஃபீ இஸ்காதித் தத்பீர்' எனும் அவரது நூல், நாளைய உணவைப் பற்றித் தானே திட்டமிட்டுத் தவிக்கும் மனத்தை எப்படி விடுவிப்பது என்பதைப் பேசுகிறது. ரிஸ்க் பற்றி நம் மரபில் எழுந்த நுட்பமான நூல்களுள் அது ஒன்று. இந்நூலைத் தொழிலைத் துறக்கச் சொல்வதாகப் படிப்பவர் உண்டு. அப்படிப் படிப்பது தவறு. ஒருவரை அல்லாஹ் தொழிலில் நிறுத்தியிருக்கும்போது அதை விட்டோட விரும்புவதும் மறைவான ஓர் ஆசையே என்பது அவர் கொள்கை. அவரே மாணவராயிருந்தபோது கல்விப் பணியைத் துறக்க எண்ணினார். ஆசான் அபுல் அப்பாஸ் முர்ஸீ (ரஹ்) அதைத் தடுத்தார். துறக்க வேண்டியது வேலையை அன்று, வேலையால்தான் உயிர் நிற்கிறது என்ற நினைப்பை.

யமன் நாட்டார் பற்றிய ஒரு செய்தியை இமாம் புகாரீ (ரஹ்) இப்னு அப்பாஸ் (ரலி) வழியாகப் பதிவு செய்கிறார். அவர்கள் கட்டுச்சோறு இன்றி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, தாங்கள் இறைவனையே நம்பியவர்கள் எனச் சொல்லிக்கொண்டு, மக்காவில் பிறரிடம் கையேந்தினர். பயணத்துக்கு உணவு எடுத்துச் செல்லுமாறு ஆணையிடும் பகரா அத்தியாயத்தின் 197ஆம் வசனம் அவர்கள் விஷயத்தில் இறங்கியது. அத்தகையோர் 'முதவக்கிலூன்' அல்லர், பிறர் உணவைத் தின்னும் 'முதஅக்கிலூன்' என உமர் (ரலி) சொல்லால் விளையாடிக் கண்டித்ததாகவும் கூறுவர். வானம் பொன்னையும் வெள்ளியையும் பொழிவதில்லை என்பதும் அவர் பெயரால் வழங்கும் அறிவுரை. இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) இஹ்யாவின் தவக்குல் பகுதியில் இதை இன்னும் தெளிவாக்குகிறார். விதைக்காமலே விளைச்சலை எதிர்பார்ப்பது தவக்குல் அன்று, பித்து என்கிறார். பாலைவனத்தில் தனித்துத் திரிந்த இப்ராஹீம் கவ்வாஸ் (ரஹ்) கூட ஊசியும் கத்தரியும் கயிறும் வாளியும் இல்லாமல் செல்வதில்லை என்று எடுத்துக்காட்டுகிறார். கிணற்று நீர் தானாக மேலேறி வருவதில்லை என்பதை அப்பெரியார் அறிந்திருந்தார்.

விதை இந்தியாவுக்கு வந்த கதை நாம் அறிந்ததே. 17ஆம் நூற்றாண்டில், 1670ஐ ஒட்டி, ஹஜ்ஜிலிருந்து திரும்பிய பாபா புதன் (ரஹ்) யமனிலிருந்து ஏழு விதைகளை மறைத்துக் கொணர்ந்து, இன்று அவர் பெயரால் வழங்கும் சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது மரபு. முளைக்கும் திறனுள்ள விதை நாட்டைவிட்டு வெளியேறாதபடி யமன் வணிகர் காத்துவந்த காலம் அது. சமகால ஆவணம் எதுவும் இக்கதைக்கு ஆதாரமாக இல்லை. அரபு வணிகர் வழியாகவே மலபாருக்கு விதை வந்திருக்கலாம் என்போரும் உளர். ஏழு எனும் எண், ஒரு விதையிலிருந்து ஏழு கதிர் முளைப்பதாகத் தருமத்துக்கு உவமை கூறும் திருமறை வசனத்தின் நிழலோ என எண்ணத் தோன்றுகிறது. எவ்வழியில் வந்திருப்பினும், டச்சுக்காரர் 1696இலும் 1699இலும் ஜாவாவுக்குக் கொண்டுசென்ற செடிகள் மலபாரிலிருந்து சென்றவை என்பது ஆவணச் செய்தி. உலகின் அரபிகா காப்பியில் ஒரு பெரும்பிரிவு இந்தியா வழியாகப் பரவியது என்பதை அண்மைக்கால மரபணு ஆய்வுகளும் உறுதி செய்துள்ளன.

சேலம் பகுதி 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறியது. 1820 முதல் 1829 வரை அங்கு ஆட்சியராயிருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பியைப் புகுத்தினார். பேரி முதலிய பழமரங்களும் அவர் காலத்தில் வந்தவையே என்பர். அப்போது தென்னிந்தியாவில் இருந்த காப்பி யாவும் யமன் வழித்தோன்றல். திக்ரு மஜ்லிஸில் கைமாறிய குவளையின் வித்து, சில நூற்றாண்டுகளில் வரிவசூல் அதிகாரியின் தோட்டப் பயிராயிற்று.

மலை வெற்றிடமாக இருக்கவில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்களின் வழியினர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் மலையாளிப் பழங்குடியினர் அங்குச் சாமை, தினை, கேழ்வரகு விளைவித்து வாழ்ந்தனர். (இவர்கள் கேரளத்து மலையாளிகள் அல்லர், தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்.) ஆண்டுதோறும் மே மாதத்தில் சேர்வராயன் கோயில் விழாவுக்கு அவர்கள் இன்றும் திரள்கிறார்கள். தம் தேவைக்கு விளைவித்து, தம் நாளைத் தாமே வகுத்துக்கொண்ட வாழ்க்கை அது. இத்தகைய மக்களைக் குடியேற்ற ஆட்சிக்கால எழுத்துக்கள் பொதுவாகச் சோம்பேறிகள் என்றே வருணித்தன. யமன் நாட்டு ஹள்ரமீ வழியில் வந்த மலேசிய அறிஞர் செய்யித் ஹுஸைன் அலத்தாஸ், 1977இல் வெளிவந்த தம் நூலில் இப்பழியை அலசினார். மலாய் மக்கள் தம் வயலையும் மீன்பிடிப்பையும் விட்டுத் தோட்டக் கூலியாக மறுத்தனர். அம்மறுப்புக்கே சோம்பல் எனப் பெயரிடப்பட்டது என்று அவர் காட்டினார். மலாய் நாட்டுக்குக் கூறியது நம் மலைகளுக்கும் பொருந்தும். தோட்டத்துக்குப் பயன்படாத போதுமென்ற மனம் சோம்பல் எனப் பழிக்கப்பட்டது. கூலிவரிசையில் நிற்பவனின் போதுமென்ற மனமோ பொறுமை எனப் பாராட்டுப் பெற்றது. ஒரே குணத்துக்கு இரண்டு பெயர்.

கூலியாள் தோட்டத்துக்கு வந்தது பெரும்பாலும் முன்பணத்தின் பிடியில். மேஸ்திரி ஊரில் முன்பணம் கொடுப்பார். உழைப்பாளி அதைக் கழிக்கும்வரை தோட்டத்தில் கட்டுண்டிருப்பான். 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம், முன்பணம் பெற்று வேலையை விட்டு விலகுவதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1925இல் இயற்றிய சட்டத்தின்மூலம் அது நீக்கப்படும்வரை தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களில் அது பரவலாகக் கையாளப்பட்டது. நாளைய ரிஸ்க்கைப் பற்றிக் கவலைப்படாதிருக்கச் சொன்னார் இப்னு அதாஇல்லாஹ். இவ்வுழைப்பாளிக்கோ நாளைய ரிஸ்க் நேற்றே அடகில் போயிருந்தது. தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கக் கட்டளையிடும் நபிமொழி (இப்னு மாஜா) கூலியை வேலைக்குப் பின்னே வைக்கிறது, தாமதத்தைத் தடுக்கிறது. முன்பண முறையில் கொடுப்பது முந்தியது. ஆயினும் அது கொடையன்று, விலங்கு.

இம்மலையின் அடிவாரம் 1876 முதல் 1878 வரை கண்ட காட்சியை இங்குச் சொல்லாமல் கடக்க இயலாது. அப்பெரும்பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மிகக் கொடிய அழிவுற்ற மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. 1871இல் ஏறத்தாழ 20 இலட்சமாயிருந்த மாவட்ட மக்கள்தொகை 1881 கணக்கெடுப்பில் 16 இலட்சமாக இறங்கியது. மழை தவறியது உண்மை. ஆனால் தானியம் நாட்டில் இல்லாமற் போகவில்லை. கப்பல்களில் ஏற்றுமதி தொடர்ந்தது. விலையோ கூலியாளுக்கு எட்டாத உயரத்தில் நின்றது. 1877இல் சர் ரிச்சர்டு டெம்பிள் நிவாரண வேலை செய்வோருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சொற்பக் காசும் போதுமென விதித்தார். மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் அதைக் கடுமையாக எதிர்த்தார். சந்தையில் தலையிடலாகாது, அது தானே சமன் செய்துகொள்ளும் என்பது அன்றைய ஆட்சியாளரின் பொருளியல் நம்பிக்கை.

ஒவ்வொரு உயிரின் உணவும் அல்லாஹ்வின் பொறுப்பு என ஹூது அத்தியாயத்தின் 6ஆம் வசனம் கூறும்போது, சேலத்துப் பாதைகளில் இறந்து கிடந்தவர்களின் ரிஸ்க் எங்கே போயிற்று? இக்கேள்வியைக் கேட்பது ஈமானுக்கு இழுக்காகாது. கேட்காமல் கனாஅத்தைப் பேசுவதே இழுக்கு. நம் இல்லங்களில் நாளும் ஓதப்படும் யாசீன் அத்தியாயத்தின் 47ஆம் வசனம் இங்கு நினைவுக்கு வருகிறது. அல்லாஹ் அளித்ததிலிருந்து செலவிடுமாறு சொல்லப்பட்டபோது மறுத்தவர்கள் என்ன கூறினார்கள்? அல்லாஹ் நாடியிருந்தால் அவனே உணவளித்திருப்பானே, நாங்கள் ஏன் அளிக்க வேண்டும் என்றார்கள். சொல்லளவில் அது தவக்குலின் மொழியே. திருமறை அதைத் தெளிவான வழிகேடு எனத் தள்ளுகிறது. ஒருவருக்கான ரிஸ்க் மற்றொருவர் களஞ்சியத்தின் வழியாகவும் வரும்படி வைக்கப்பட்டிருக்கிறது. இடையில் நிற்பவர் கதவடைத்தால் வாக்குறுதி பொய்த்ததாகாது. அவர் அமானிதத்தை மோசம் செய்தார் என்றே ஆகும். ஆகவே போதுமென்ற மனம் முதற்கடமையாவது தேவைக்கு மேல் வைத்திருப்பவருக்கே. பசித்தவருக்கு அதைப் போதிக்கும் உரிமை அவருக்கில்லை.

பஷீர்களும் ஷைகுகளும் சொல்லிவந்த ஒரு கதை இதையே வேறுமுகமாகக் காட்டும். வணிகப் பயணம் புறப்பட்ட ஷகீக் பல்கீ (ரஹ்), பாழிடத்தில் முடமான பறவை ஒன்றுக்கு மற்றொரு பறவை இரை கொணர்ந்து ஊட்டுவதைக் கண்டு, எனக்கும் அல்லாஹ் தருவான் எனத் திரும்பிவிட்டார். இப்ராஹீம் இப்னு அத்ஹம் (ரஹ்) கேட்டது ஒன்றுதான்: நீர் ஏன் முடமான பறவையாக விரும்பினீர், ஊட்டும் பறவையாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

தோட்ட முதலாளியின் கணக்கும் நிலைத்துவிடவில்லை. 1860களில் தண்டுத் துளைப்பான் எனும் வண்டு தென்னிந்தியக் காப்பியைக் குடைந்தது. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய், இருபதாண்டுக்குள் அத்தீவின் காப்பிப் பொருளாதாரத்தையே துடைத்தழித்தது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. ஓரினப் பயிரை மலைமலையாகப் பரப்பியவர்களுக்கு ஒரு பூஞ்சை போதுமானதாயிற்று. பின்னர்ப் பாலெஹொன்னூரில் 1925இல் தொடங்கிய ஆய்வுநிலையம் நோய் தாங்கும் வகைகளைத் தேர்ந்தது. அங்கு உருவான எஸ்.795 இன்றும் பரவலாகப் பயிரிடப்படுகிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பச் சொன்ன நபிமொழிக்கு (திர்மிதீ) இத்தகைய பணியை எடுத்துக்காட்டாகக் கொள்வதில் தவறில்லை.

விலையின் கதை வேறு. 1989இல் பன்னாட்டுக் காப்பி உடன்படிக்கையின் ஒதுக்கீட்டு முறை முறிந்தது. 2001, 2002ஆம் ஆண்டுகளில் உலகவிலை பல பத்தாண்டுகள் காணாத தாழ்வைத் தொட்டது. பழம் பறிக்கும் கூலிக்குக்கூட விலை கட்டாமல் சிறு விவசாயிகள் தவித்தனர். பிரேசிலின் வறட்சியால் 2025 பிப்ரவரியில் அரபிகா விலை வரலாறு காணாத உயரத்துக்கு ஏறியது. ஏற்காட்டில் பூத்த பூவின் மதிப்பை மறுகோளத்தின் வானம் முடிவு செய்கிறது. காப்பியோடு மிளகையும் பலாவையும் ஆரஞ்சையும் விடாமல் வளர்த்துவரும் சிறு விவசாயி, ஒன்று பொய்த்தால் மற்றொன்று கைகொடுக்கும் என்ற எளிய கணக்கில் நிற்கிறார். கஸ்ஸாலீ (ரஹ்) இதை வாளியும் கயிறும் எடுத்துச் செல்வதில் சேர்த்திருப்பார்.

காலையில் ஒட்டிய வயிற்றோடு புறப்பட்டு மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்பும் பறவைகளைத் தவக்குலுக்கு உவமையாக்கிய நபிமொழி (திர்மிதீ) புகழ்பெற்றது. அப்பறவைகள் கூட்டைவிட்டுப் புறப்படுகின்றன என்பதை அறிஞர்கள் எடுத்துக்காட்டத் தவறியதில்லை. சேர்வராயன் மலையில் பழம் சிவக்கும் நவம்பர் முதல் அறுவடைப் பெண்கள் விடியலில் கூடையோடு இறங்குமுன் கொண்டைக்குருவிகள் தோட்டத்துக்கு வந்துவிடும். இரவில் மரநாய் வந்து போயிருக்கும். ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவனுக்குத் தருமமாகும் என அனஸ் (ரலி) அறிவிக்கும் நபிமொழி புகாரீயிலும் முஸ்லிமிலும் உள்ளது. நட்டவரிடம் அனுமதி பெற்று உண்டால் என்றோ, அவர் கணக்கெழுதி வைத்தால் என்றோ அதில் நிபந்தனை இல்லை. உண்டவை எச்சத்தில் விட்ட விதைகள் வேலிக்கு அப்பால் சோலைக்காட்டில் முளைத்து, எவர் பெயரிலும் பட்டா இல்லாத காப்பிச் செடிகளாய் நிற்கின்றன. பூமழை விழும்போது அவையும் பூக்கின்றன.